ஒருவரும் வராத ஆஸ்பத்திரி

மதுவிலக்கு இருந்ததே ஒழிய, நெய்வேலியில் குடி நின்றுவிடவில்லை. சாராயம் கிடைக்காத நாட்களில் சுரங்கத்து ஒப்பந்தக் கூலிகள் மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷில் தண்ணீர் கலந்து குடித்தார்கள். அப்படிக் குடித்துப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் செத்துப்போனதாகத் தகவல் வந்தது. நான் அப்போது டவுன்ஷிப்பில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த விஷத்துக்கு மருந்தே பிராந்திதான், சீக்கிரம் கொடுத்தால் உயிரும் தப்பும் கண்ணும் தப்பும் என்றார் எங்கள் டாக்டர். அனுமதி வாங்கி ஒரு பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி என்னிடம் இருந்தது.

அன்றே டாக்டர் மதுவிலக்குக் குழுத் தலைவரை வரச்சொல்லி, ஜீப்பில் மைக் கட்டி அறிவிக்கச் சொன்னார். "வார்னிஷ் குடிச்சவங்க உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும், போலீஸ் பிடிக்காது. இவ்வளவுதான் சார் சொல்லணும்."

"நல்லா இருக்கு டாக்டர்! நாளைக்கு மைதானத்துல மதுவிலக்கு விழா. மெட்ராஸ்லேருந்து பெரியவங்க வராங்க. இங்க குடிக்கிறாங்கன்னு நானே மைக்குல சொல்லவா?"

"சொல்லாட்டி செத்துடுவாங்க."

"உங்களுக்கு மருந்து தெரியும். ஊரு எனக்குத்தான் தெரியும்."

ஜீப் போகவில்லை. மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள், குடித்துவிட்டு வருகிறவனைப் பிடிக்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. "ஊசி போட நீங்கதான் வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "எங்களுக்கு ஆர்டரும்மா" என்றார் ஒருவர்.

மறுநாள் டாக்டர் வாசலுக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஒரு ஆள்கூட வரவில்லை. பிற்பகலில் மைதானத்து ஒலிபெருக்கி வார்டு வரைக்கும் கேட்டது. "ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள், ஒரு கேஸ்கூட இல்லை. இதுதான் மதுவிலக்கின் வெற்றி!" கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. டாக்டர் ஜன்னலை அடித்துச் சாத்தினார்.

விழா முடிந்து போலீஸும் போன பிறகு, அடுத்த நாள் காலை, ஒரு ஒப்பந்தக் கூலியை அவர் மனைவி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். கட்டிலில் உட்கார வைத்ததும், "லைட்டப் போடுங்கம்மா" என்றார் அவர். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். பிராந்தியைக் கொடுத்தோம். உயிர் தப்பியது. கண் திரும்பவில்லை.

"நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா கண்ணு தப்பியிருக்குமே!" என்று அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டேன்.

"வந்தோங்க. காலையிலயே வந்தோம். வாசல்ல போலீசு நின்னுகினு இருந்துச்சு, அப்பிடியே திரும்பிட்டோம். விழாவுக்கு வராதவனுக்கு வேலை இல்லன்னு கான்ட்ராக்டர் வேற சொல்லிட்டாரு. வவுத்தப் புடிச்சிகினு மைதானத்துல குந்திகினு இருந்தாருங்க. ஆஸ்பத்திரில ஒரு கேஸுகூட இல்லன்னு மைக்குல சொன்னாங்களே..."

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"அதுக்கு இவரும் கை தட்டுனாருங்க."