ரேலின் கேட்ட துப்பாக்கி அனுமதி

ரேலின் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறை சன்னலில் நின்றால் வண்டிகள் நிறுத்தும் இடம் முழுவதும் தெரியும். அதனாலேயே அவள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். அவளுடைய பழைய காதலன் ட்ராவிஸின் சாம்பல் நிற பிக்கப் வண்டி அங்கே நிற்கும். அவன் இறங்க மாட்டான், ஹாரன் அடிக்க மாட்டான். அவள் வேலை முடிந்து கிளம்பினால், வீடுவரை பின்னாலேயே வருவான்.

அவனை விட்டு விலகிய பிறகு நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்டுப் பார்த்தாள். அடித்தானா, மிரட்டினானா என்று கேட்டார்கள். "பாத்துக்கிட்டே இருக்கான்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. மனு தள்ளுபடியானது. ஷெரிஃப் அலுவலகத்துக் காவலர் அனுதாபமாகத்தான் பேசினார்.

"வண்டி நிறுத்துறது குத்தமில்லம்மா. உனக்கு இருபத்தொண்ணு ஆயிருச்சுல்ல? துப்பாக்கிய மறைச்சு எடுத்துட்டுப் போக அனுமதி வாங்கிக்கோ."

வாண்டா சித்தி தன் கைத்துப்பாக்கியைக் கொடுத்தாள். ஞாயிறுதோறும் பழைய கல்குவாரிக்குக் கூட்டிப்போய், காலி பீன்ஸ் டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுடச் சொன்னாள். ஒவ்வொரு வெடிக்கும் ரேலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறடி! டப்பா உன்னயத் திருப்பிச் சுடப்போகுதா?"

"பயமா இருக்கு சித்தி."

"பயமில்லாதவளுக்கு இது எதுக்கு?"

போகப் போகக் கை படிந்தது. அனுமதி வாங்க ஒரு பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். மாவட்டத்தில் அந்த வசந்தத்தில் நடந்தது ஒரே வகுப்பு, தீயணைப்பு நிலையக் கூடத்தில், ஒரு சனிக்கிழமை. ரேலின் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சொல்லித்தருபவர் பர்ல், ஓய்வுபெற்ற காவலர். பாடம் தொடங்கும் நேரத்தில் கதவு திறந்தது. கையில் டோனட்டோடு ட்ராவிஸ் வந்தான்.

"வாடா வாடா! மான் வேட்டைக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வருவியே!" என்றார் பர்ல். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான்.

இடைவேளையில் ரேலின் பர்லைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், அவனுக்குப் பயந்துதான் நான் இங்க வந்தேன்."

பர்லின் முகம் மாறியது. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவன் மேல வழக்கு ஏதும் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நான் என்ன சொல்லி அவன வெளிய அனுப்பறது? உனக்கு இருக்கற உரிமை அவனுக்கும் இருக்கே."

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் அவனிடம் மட்டும் துப்பாக்கி அனுமதி இருக்கும் என்று தோன்றியதும் திரும்ப வந்து உட்கார்ந்தாள். தற்காப்புச் சட்டம் பற்றி பர்ல் சொன்ன ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. பின்னாலிருந்து அவன் மெல்லும் சத்தம்தான் கேட்டது.

பிற்பகல் சுடும் தேர்வு. அவளுடைய குண்டுகள் காகித உருவத்தின் தோளைச் சுற்றிச் சிதறின. தேறிவிட்டாள். பக்கத்துத் தடுப்பில் ட்ராவிஸின் குண்டுகள் நெஞ்சில் ஒரே ஓட்டையாக விழுந்தன.

வண்டிக்குப் போகும் வழியில் அவன் கூடவே நடந்து வந்தான். மாதக்கணக்காகப் பேசாதவன் அன்று பேசினான், மிக மென்மையாக.

"நல்லாத்தான் பிடிக்கிற ரே. பயந்தா மட்டும் உன் கை இடது பக்கம் இழுக்குது."

அவள் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். சித்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தேறினாயா என்று சித்தி கேட்டதற்கு, "ம்" என்றாள்.

"அப்புறம் ஏன்டி அழுவுற?"

"அவனும் தேறிட்டான் சித்தி."

"வீட்டுக்கு வா, சாப்பிடு" என்றாள் சித்தி.

திங்கட்கிழமை அனுமதிக்கான கைரேகை கொடுக்க ஷெரிஃப் அலுவலகம் போனாள். சில வாரங்கள் ஆகும், காத்திரு என்றார்கள். அங்கிருந்து நேராக வேலைக்குப் போய் உருளைக்கிழங்கு மசித்தாள். மாலையில் வெளியே வந்தபோது பிக்கப் வழக்கமான இடத்தில் நின்றது. அவள் காரைக் கிளப்பினாள். அவனும் கிளப்பினான்.