மெர்சி திறக்காத கோப்பு

மெர்சி போய்விட்டாள் என்று அவளுடைய மகள் போனில் டேனிஷில்தான் சொன்னாள். அந்த நேரம் எனக்கும் தமிழில் ஒரு சொல் வரவில்லை. “யா, யா” என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை வைத்தபிறகுதான் “ஐயோ, என்ர மெர்சி” என்று கத்தினேன்.

இங்கே டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில் அவளை அறிந்தவர்கள் வாய்க்காரி என்பீர்கள். ஓம், வாய்க்காரிதான். ஆனால் ஒரு கோப்பைத் திறக்க மறுத்ததால்தான் அவள் கூடப்பிறந்த அண்ணனின் உறவை இழந்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மீன் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்றவர்கள். நாற்பது வயது தாண்டி, தோள்மூட்டு வலி தாங்காமல், ஆஸ்பத்திரி அலுவலக வேலைக்குப் படிக்கப் போனோம். டாக்டர் எழுதிய குறிப்பை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய ‘கோட்’ என்ற குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. வகுப்பில் நோய்களின் பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். புற்றுநோய் வரும் இடத்தில் எங்கள் இரண்டு குரலும் தானாக இறங்கிவிடும். “ஏன் குசுகுசுக்கிறீர்கள்?” என்று ஆசிரியை கேட்டாள். நோயை வருத்தம் என்கிற நம் வீடுகளில் அதை “அந்த வருத்தம்” என்றுதானே சொல்வோம்! வெளியே வந்ததும் மெர்சி, “எடியே கமலா, வாயால சொல்லவே பயமெண்டால் கோட் எப்பிடியடி போடுறது?” என்றாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தப் பெயர்களை உரக்கச் சொல்லிப் பழகினோம். பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார். எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு.

வேலை கிடைத்து, இன்னும் நிரந்தரமாகாத நாட்களில் அவளுடைய அந்தோனி அண்ணை ஸ்கீவ ஊரிலிருந்து அவள் வீட்டுக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன். தகப்பன் இல்லாத தங்கச்சியை மன்னாரிலிருந்து இங்கே எடுப்பித்தவர் அவர்தான். அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏதோ வருத்தம் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

“நீ ஆஸ்பத்திரியிலதானே வேலை செய்யிறாய். அவன்ர கோப்பை ஒருக்காத் திறந்து பாரன். ஆருக்குத் தெரியப்போகுது?”

திறந்தவர் பெயர் கம்ப்யூட்டரில் பதிவாகும், வேலை போய்விடும் என்று நான் குறுக்கே சொன்னேன். மெர்சி அந்தச் சாட்டுக்குள் ஒளியவில்லை.

“பதிவாகாட்டியும் பாக்கமாட்டன், அண்ணை. அந்தப் பெடியனிட்டையே கேளுங்கோ. அவன்ர வருத்தத்தை அவன்தான் சொல்லவேணும்.”

அண்ணை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கலியாணத்துக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. கலியாணத்தன்று என் வீட்டுக்கு வந்து, “சீலை எடுத்து வச்சிருந்தனான், கமலா” என்று விக்கி விக்கி அழுதாள். அந்த மனுசன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகும் நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல, அவள்தான் அண்ணை வீட்டுக்குப் போன் எடுப்பாள். மச்சாள், அண்ணையின் மனைவி, கதைப்பாள். அண்ணை கதைக்கமாட்டார்.

தனக்குப் புற்றுநோய் என்பதை மெர்சி என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னாள்.

“ஊருக்குள்ள ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத.”

“அண்ணைக்குமோ?”

“அண்ணை வந்து கேட்டால் சொல்லு. ஒண்டையும் ஒளியாத. ஆனால் அவர் கேக்கவேணும்.”

அடக்கம் முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தோனி அண்ணை என்னிடம் வந்தார்.

“பிள்ளை, என்ர தங்கச்சிக்கு என்ன வருத்தம்?”

சொன்னேன். எப்போது தெரியவந்தது, எங்கெல்லாம் பரவியது, கடைசியில் எதைச் சாப்பிட முடிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கேன் அவள் சொல்லேல்லை?”

“நீங்கள் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவள், அண்ணை.”

அவர் கதிரையில் அமர்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மெர்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: யாருடைய வருத்தத்தையும் நான் இன்னொருவரிடம் விசாரிப்பதில்லை. வருத்தக்காரரிடமே போய், “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. கேட்கிறேன்.