வாய் மட்டும் அசைந்த படம்

எங்க அக்கா சிலுவையம்மாளுக்கு சினிமான்னாலே ஆகாது. ஆனா அக்கா புருசன் இன்னாசி ராயபுரம் கடல்ல காணாமப் போன வருசம், அவளே என்னை டோல்கேட் பக்கத்துக் கொட்டாய்க்கு இழுத்துகினு போனா. பொணம் கரை ஒதுங்கல. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்த ஒரு குழிகூட இல்ல. வூட்ல போட்டோவும் இல்ல. மாமா மூஞ்சி இருந்தது ஒரே இடத்துலதான்: மெயின் படத்துக்கு முன்னாடி ஓட்டுற சர்க்கார் டாகுமென்டரில.

அந்தப் படத்த எடுத்தப்போ, தள்ளின கட்டுமரத்தையே திரும்பத் திரும்பத் தள்ளச் சொல்லி, சிரிக்கச் சொல்லி மாமா உசுர வாங்கினானுங்க.

திரையில மாமா எங்களப் பாத்து ஏதோ பேசினாரு. வாய் அசைஞ்சுது. கேட்டது எவனோ படிச்சவன் குரல்: "மீனவர் வாழ்வில் புதிய விடியல்!"

விடியலாம், விடியல்!

அக்கா எழுந்து திரையைப் பாத்துக் கத்தினா: "யோவ், நீ வாய மூடுய்யா! எம்புருசன் பேசிகினு கீறாரு!"

டார்ச் அடிச்சு வெளிய தள்ளிட்டானுங்க. மறுவாரம் போனா, மாமா இருந்த டாகுமென்டரி போயி வேற ஓடுது.

ஏழெட்டு வருசம் கழிச்சு ஒரு தாடிக்காரர் டேப் ரிக்கார்டரோட வூட்டுக்கு வந்தாரு. "நாங்க டாகுமென்டரிய வேற மாதிரி எடுக்கறோம்மா. நடிக்கச் சொல்ல மாட்டோம். மேல எங்க குரலும் போட மாட்டோம். நீங்க பேசறது அப்படியே வரும்"னு மைக்கை நீட்டினாரு.

அக்கா மைக்க வாங்கினா. வாய்கிட்ட கொண்டுபோகல. காதுல வச்சுகினா.