அப்பா பக்கம், சித்தப்பா பக்கம்

எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் போன வாரம் பெரிய சண்டை. தம்பி புதிதாகக் கார் வாங்கியிருக்கிறான், கருப்பு நிறம். அதைக் கழுவுவதற்கு இணையத்தில் ஒரு சாமானையும் பார்த்து வைத்திருக்கிறான். தண்ணீர்க் குழாயில் மாட்டிவிட்டால் போதுமாம். கழுவிய பிறகு துணியே தொட வேண்டாம், கார் தானாகக் காய்ந்து பளபளவென்று நிற்கும், ஒரு புள்ளிகூட விழாது என்று படத்தோடு போட்டான். உடனே ஆளுக்கொரு கருத்து. அது சோம்பேறிகளுக்கான சாமான் என்று ஒரு கட்சி. துடைத்துத் துடைத்து இடுப்பு போனவர்களைக் கேட்டுப் பார் என்று இன்னொரு கட்சி. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வழக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு முறை விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்டது. தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மலேசியாவில் சுங்கைப் பட்டாணியில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். பஸ்ஸை யார் கழுவினார்களோ தெரியாது, வீட்டுக் காரை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதுவும் கருப்புக் கார்தான், பழையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் வாசலுக்கு வருவதற்குள் கழுவி முடித்துவிடுவார். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவார். ஒரு கதவைக் கழுவினால் அதைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கதவு. கருப்புக் காரில் தண்ணீரைக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் தடம் விழும், அப்புறம் உட்கார்ந்து தேய்க்க வேண்டியதுதான் என்பார். துடைப்பதற்கு அவர் வைத்திருந்தவை, நான் குழந்தையாக இருந்தபோது எனக்கு இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணிகள். இந்த மாதிரி மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தூக்கிக் காட்டுவார். எனக்கு மானம் போகும்.

சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி, எங்களோடுதான் இருந்தார். மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, அவர் பேச்சில் அது கிலாங். உலகத்தில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்பது அவருடைய நம்பிக்கை. பூண்டு உரிக்க ஒன்று, முட்டை ஓடு உடைக்க ஒன்று, பேனா மூடியைத் தேடாமலிருக்க ஒன்று என்று வாங்கி வந்துகொண்டே இருப்பார். எல்லாம் சமையலறை மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும். அந்தத் தட்டுக்கு அம்மா வைத்த பெயர் மியூசியம்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவர் அத்தை. பெண்டாங்கில் கல்யாணம் கட்டிக்கொண்டு போனவர், மாமா மோட்டார் விபத்தில் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சொல் நின்றுபோனது. பொட்டு என்று யாரும் சொல்வதில்லை. அம்மா கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தவற்றை எல்லாம் பிய்த்தெடுத்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டார். எனக்குப் பள்ளிக்கு வைத்துவிடும்போதும் "நெத்தியக் காட்டு" என்பார், அதற்கு மேல் பேச்சில்லை. சட்டையில் சாயம் பட்டாலும் புள்ளி, சுவரில் ஈரம் படிந்தாலும் புள்ளி. நான் வாய் தவறி அந்தச் சொல்லைச் சொன்னால் தொடையில் கிள்ளு விழும். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. சொல்லக்கூடாத வார்த்தைகளில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜித்ராவிலிருந்து ஒருவர் அத்தையைப் பார்க்க வருவதாக இருந்தது. டயர் கடை வைத்திருப்பவர், மனைவி நோயில் போய்விட்டாராம். கூட அவருடைய அக்காவும் வருகிறார். இதற்கு முன்பு ஒரு தடவை வேறு ஒருவர் வந்தபோது அத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிவரை வெளியே வரவில்லை. வந்தவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை அப்பா கேட்டதற்கு அத்தை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டார்.

"அவ சரின்னு சொல்ல வேணாம். அறைய விட்டு வெளிய வந்து ஒரு வார்த்த பேசுனா போதும்லா," என்று அப்பா அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் புலம்பினார். தங்கைக்கு வயது இன்னும் ஏறவில்லை, இப்படியே அறைக்குள் உட்கார்ந்தே காலத்தைக் கழித்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம். அத்தையின் மனதை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முடிந்தது காரைத்தான். வந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் காரைத்தான், அதுதான் வீட்டுக்கு முகம் என்பது அவருடைய கட்சி.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு குழல், அதற்குள் தேன் நிறத்தில் குருணை குருணையாக ஏதோ.

"இனிமே தொடைக்கவே வேணாம்ண்ணே. சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கடைசியா இது வழியா தண்ணி அடிச்சா போதும். தண்ணியில உள்ள உப்பு எல்லாத்தையும் இது புடிச்சுக்கும். எங்க கிலாங்ல சில்லுங்களக் கழுவுறதே இப்படித்தான். ரொம்ப செனாங், லேசான வேல."

"சில்லு வேற, காடி வேற," என்றார் அப்பா. "தொடைக்காம காயவிட்டா புள்ளி விழும்."

"விழாதுங்கிறேன்ல."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் ஸ்பாட் ஃப்ரீ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஸ்பாட் என்றால் பொட்டு என்று பள்ளியில் படித்திருந்தேன். ஃப்ரீ என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோப்புத்தூள் வாங்கினால் குவளை ஃப்ரீ, பிஸ்கட் டின் வாங்கினால் கரண்டி ஃப்ரீ. ஆக இந்தச் சாமானை வாங்கினால் பொட்டு ஃப்ரீ. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் இருக்கிறது, அத்தைக்கு மட்டும்தான் இல்லை. அவர் கடைக்குப் போய் வாங்குவதே இல்லை என்பதால்தான் இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

"அத்தை!" என்று கத்தினேன். "இதுல பொட்டு ஃப்ரீயாம்! நீங்க எடுத்துக்குங்க!"

அம்மா என் பக்கம் வந்த வேகத்தைப் பார்த்தால் கிள்ளு ஒன்றோடு முடியாது என்று தெரிந்தது. அதற்குள் அத்தை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெட்டியை வாங்கி அந்த எழுத்தைப் படித்தார். சிறிது நேரம் படித்தார்.

"நல்லா தேடிப் பாரும்மா," என்றார் என்னிடம்.

நான் அட்டையைக் கவிழ்த்துத் தட்டி, பஞ்சை உதறி, விளக்கத்தாளைப் பிரித்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. "ஏமாத்திட்டானுங்க அத்தை," என்றேன். "கடைக்காரங்க அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அம்மாவின் கிள்ளு அதற்குப் பிறகும் விழுந்தது.

மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். காரை நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்வது. இடது பக்கம் அப்பா, வலது பக்கம் சித்தப்பா. ஒருவர் பக்கத்தை இன்னொருவர் தொடக்கூடாது. கூடப் பிறந்தவளைப் பார்க்க ஆள் வருகிற நாளில் இது தேவையா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது யோசித்தால், இரண்டு பேருக்கும் அந்தக் காலையைக் கடத்த ஏதாவது வேலை தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவது போல் இருவரும் சோப்புத் தேய்த்தார்கள். சித்தப்பா குழலை மாட்டித் தன் பக்கத்தை அலசிவிட்டு, நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பா தன் பக்கத்தை நனைத்துவிட்டு வெள்ளைத் துணியை எடுத்து உதறினார். அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி அடித்தது. ஜித்ராக்காரர்கள் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, வழி மாறி வேறு ஏதோ தாமானுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா துணியை என் கையில் திணித்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிவரப் போனார்.

அன்றைக்கென்று வெயில் சீக்கிரமே வாசலுக்கு வந்துவிட்டது. நான் துணியோடு இடது பக்கம் போனேன்.

"ஏய், ஆள் மாத்தக்கூடாது. ரூல்ஸ்," என்றார் சித்தப்பா.

"பாவம்ல அப்பா."

"பாவம்தான். ரூல்ஸும் ரூல்ஸ்தான்."

அப்பா திரும்பி வருவதற்குள் இடது பக்கம் முழுவதும் தானாகவே காய்ந்துவிட்டது. கதவு, பின்பக்கம், கண்ணாடி எல்லாவற்றிலும் காய்ந்த சொட்டுகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நின்றன. வலது பக்கம் குளத்துத் தண்ணீர் போல் சுத்தமாக இருந்தது. அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போய்விட்டது.

ஜித்ராக்காரர் கொஞ்சம் குள்ளமாக, நல்ல தடிமனாக இருந்தார். அவருடைய அக்காவை அம்மா உள்ளே கூட்டிப்போனார். சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. வந்தவரிடம் பசியாறினீர்களா என்று கேட்பதற்கு முன்பே, "நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம் நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அவர் காரை ஒரு சுற்று சுற்றினார். பிறகு பின் டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இதுல காத்து கொறைவா இருக்குண்ணே."

"அதக் கேக்கலங்க. பளபளப்பு, பளபளப்பு!"

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். வந்த இடத்தில் யாருக்கும் கெட்டவராக அவருக்கு விருப்பமில்லை.

அப்பா எதிலும் கலந்துகொள்ளவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அத்தையின் அறைக்கதவு சாத்தித்தான் இருந்தது. சித்தப்பா விடாமல், நான்தான் ஜெயித்தேன் என்று வாதாடினார். வெயில் முந்திக்கொண்டது, அது தோல்வியாகாது என்று அப்பா ஒப்புக்குச் சொன்னார். அப்போது கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அத்தை வீட்டில் கட்டும் சாதாரணப் புடவையோடு வாசலுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். நேராகக் காரின் இடது பக்கம் போய், கதவில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். விரலைத் திருப்பி அப்பாவிடம் காட்டினார்.

"அண்ணே, உங்க பக்கம்தான் பொட்டு பொட்டா இருக்கு."

தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். நான் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை அசையவில்லை. நான் சொன்னால் தொடை சிவக்கிறது, அத்தை சொன்னால் ஒன்றுமே இல்லை, இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஜித்ராக்காரர் எழுந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "இருந்துட்டுப் போவட்டும்லா," என்றார். "பொட்டு இருந்தா நல்லாத்தானே இருக்கு."

தோற்றுப்போன பக்கத்துக்கும் ஆதரவாக ஒருவர் பேசுகிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அத்தை தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை. "அந்த டயரு எப்பவும் எறங்கிக்கிட்டேதான் இருக்கும், அண்ணங்கிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு," என்றார். ஜித்ராக்காரர், எங்கே ஆணி ஏறியிருக்கும் என்று பார்க்க மறுபடி குந்தினார். அத்தை பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் காற்று போகிறது என்று காட்டினார்.

அந்த வருடமே கோயிலில் வைத்துச் சுருக்கமாகத் தாலி கட்டினார்கள். அந்தக் குழலுக்கும் ஒரு முடிவு வந்தது. சில தடவை கழுவிய பிறகு உள்ளே இருந்த குருணைகள் ஓய்ந்துவிட்டன, வருவது வெறும் குழாய்த் தண்ணீர்தான் என்று தெரிந்ததும் அது மியூசியத்துக்குப் போனது. அதனால் என்னைக் கேட்டால், குருணை புதிதாக இருக்கும்வரை சாமான் ஜெயிக்கும், வெயிலுக்கு முன்னால் துணியை எடுத்தால் கை ஜெயிக்கும். தம்பிக்கு இதைத்தான் எழுதப்போகிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அப்பா தோற்றுவிட்டார், அதுவும் விருந்தாளி முன்னால், சொந்தத் தங்கையின் வாயால். சிறிது நேரத்தில் வாசலில் அவரைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். வீட்டுப் பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடிப்பார், மறுபடி கண் நிறையும், மறுபடி தண்ணீரை அள்ளி அடிப்பார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. ஒரு காரைக் கழுவித் தோற்றதற்கு ஒரு மனிதர் இவ்வளவு அழுவாரா என்று எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கப்பா," என்றேன். "அடுத்த வாட்டி நீங்கதான் ஜெயிப்பீங்க."