லேத் பட்டறைக் கச்சேரியும் நாற்பது நிமிட ஸ்கேனும்

புதுச்சேரி என்றதும் கடற்கரை, பிரெஞ்சுத் தெரு, காபிக் கடை என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். இரண்டு நாளில் கடலை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் போனது இரண்டு வேலைக்கு. என் கணவருக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எனக்கு ஒரு கச்சேரி. போன மாதம், ஒரு வெள்ளியும் சனியும்.

அவர் பெயர் வேலாயுதம். திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடமாகத் துணி எடுத்துப் போடுகிறவர். வாய் ஓயாத மனிதர். ஆறு மாதமாக வலது காதில் ரீங்காரம், நடந்தால் தள்ளாட்டம். ஊரில் ஸ்கேன் எடுக்கப் போனபோது, குழாய்க்குள் தள்ளிய நான்காவது நிமிடம், முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி வெளியே வந்துவிட்டார். அடுத்த முறை இரண்டே நிமிடம். "உயிரோட பொதைச்சிட்டு மேல நின்னு இடிக்கிற மாதிரி இருக்கு செல்வி" என்றார். மயக்கம் கொடுத்தும் எடுக்கலாமாம், ஆனால் அவருக்கு இருக்கிற மூச்சிழுப்புக்கு அது வேண்டாம் என்றார்கள். படம் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது, தள்ளிப்போடவும் கூடாது என்று புதுச்சேரி கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். மூன்றாவது தடவையும் ஓடி வந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் கவலை.

இனி என் கிறுக்குக்கு வருகிறேன். டார்க் ஆம்பியன்ட், இன்டஸ்ட்ரியல் என்று ஒரு வகை இசை. பாட்டு கிடையாது, பல சமயம் தாளமும் கிடையாது. மோட்டார் உறுமல், இரும்பு உரசல், எங்கேயோ தூரத்தில் ஒரு முனகல், இவற்றை நீட்டி, அடுக்கி, மெல்ல மெல்லப் பெரிதாக்குவார்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டே கேட்பேன், மனசு அப்படி அடங்கும். என் வீட்டுக்காரர் இதற்கு வைத்த பெயர் 'மிக்சி ரிப்பேர்'. புதிதாக என்ன வந்திருக்கிறது என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் புதுச்சேரி நஸீமா அகப்பட்டாள். ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசர் சத்தத்தை வைத்து முழுசாக நாற்பது நிமிடம் ஒன்று செய்திருந்தாள். மொத்தமே இருபத்திரண்டு தடவைதான் அதைக் கேட்டிருந்தார்கள். அதில் நாலு தடவை நான். இரும்பு கடையும் அவள் அண்ணனின் லேத் பட்டறையில் நேரடி நிகழ்ச்சி என்று ஒருநாள் அறிவித்தாள். ஜும்மா தொழுகைக்காக வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறைக்கு லீவு, அதனால் மூன்றரை மணிக்கு. ஸ்கேனுக்கு முந்தின நாள். விடுவேனா?

காலை 7.10க்குத் திருவண்ணாமலையில் பஸ். செஞ்சி, திண்டிவனம் வழி, ஏறக்குறைய 105 கிலோமீட்டர். 10.25க்குக் கோரிமேட்டில் இறங்கினோம். ஊருக்குள் போய்த் திரும்பி வர வேண்டாம், இந்த வழி பஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். எதிர்ப்பக்கச் சந்தில் அறை 900 ரூபாய், சுத்தம், வெந்நீர் மட்டும் வாளியில். மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்தோம். முத்தியால்பேட்டைக்கு 180 ரூபாய்.

"பீச்சுக்குதான?" என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, கச்சேரிக்கு. முத்தியால்பேட்டைல லேத் பட்டறை."

"பட்டறைல கச்சேரியா? யாரு, நாதஸ்வரமா?"

என் கணவரும் அப்படித்தான் எதையோ நினைத்திருந்தார் போல. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. கச்சேரி செய்கிற பிள்ளையை வெறுங்கையோடு எப்படிப் பார்ப்பது என்று அரை டஜன் ஆப்பிள் வேறு.

பட்டறையில் லேத்களுக்கு நடுவே பாய் விரித்திருந்தது. வந்தவர்கள் பதினொரு பேர். நஸீமாவுக்கு முப்பது வயதிருக்கும், ஒல்லி, தலையில் முக்காடு, விரலெல்லாம் கிரீஸ். ஆப்பிளை வாங்கிக்கொண்டு, "எல்லாரும் படுத்துக்குங்க, கண்ண மூடிக்குங்க" என்றாள். ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். முதலில் தரைக்கடியில் ஏதோ ஊர்கிற மாதிரி ஓர் உறுமல். அதன் மேல் இரும்பு சீவும் சத்தம். அப்புறம் இடி. நெஞ்செலும்பு அதிர்ந்தது. எனக்கு அப்படியே கண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சுகம். திரும்பிப் பார்த்தால் பக்கத்துப் பாயில் ஆள் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வியர்த்து நின்றிருந்தார். "அந்த மிஷின் சத்தத்துக்கு என்னைப் பழக்கத்தான இங்க கூட்டியாந்த?" என்றார். ஆமாம், அதற்கும்தான். திருடி மாதிரி முழித்தேன். "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?" என்று சண்டைக்குப் போனேன். பேசாத வேலாயுதத்தைப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. இனி மீதிக் கச்சேரியாவது, ஒன்றாவது என்று அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்து எல்லாரும் போனபிறகு நஸீமா டீயோடு வந்தாள். "இன்னாண்ணா, ரொம்ப சத்தமா பூட்டுச்சா?" ஒரு கேள்விதான் கேட்டாள், இவர் ரப்பர் பந்து வரைக்கும் மொத்தத்தையும் கொட்டிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "உள்ள வாங்கண்ணா. ஷட்டரத் தொறந்தே வைக்கிறேன். வால்யூம் உங்க கையில. வேணாம்னா கொறைச்சுக்குங்க, யாரு கேக்கப் போறா?"

குமிழில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் கொசு அளவுக்கு இருந்தது.

"இது எப்டி இருக்குது? உங்களுக்குத் தெரிஞ்ச எதையாச்சும் சொல்லுங்க" என்றாள்.

துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி விரல்களைத் தேய்த்தார். "காடாத் துணி. மொரமொரன்னு இருக்கு."

"இது?"

"ஜார்ஜெட். கையில நிக்காம வழுவுது." கொஞ்சம் கூட்டினார். "இது கார்டுராய்ம்மா, கோடு கோடா ஓடுது பாரு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அரை மணி நேரத்தில் குமிழ் முக்கால்வாசி திரும்பியிருந்தது, ஷட்டரை அவரே இறக்கச் சொன்னார். பதினாறு நிமிடம் படுத்துக் கேட்டார். நாற்பது நிமிட ஸ்கேனுக்கு அது போதுமா என்று யாருக்கும் தெரியாது. நஸீமா பணம் வாங்க மறுத்துவிட்டாள்.

சனிக்கிழமை 9.15க்கு ஸ்கேன். இவர் இடுப்பில் வெள்ளி அரைஞாண். அதன் கொக்கி கழல மாட்டேன் என்று அடம்பிடித்ததில் பதினைந்து நிமிடம் போயிற்று. ஸ்கேனுக்குப் போகிறவர்கள் அரைஞாண், தாயத்து, மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். 9.40க்குக் கதவு சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் நான். சுவர் வழியே சத்தம் கேட்டது, தட்டல், உறுமல், கீச்சு. நான்காவது நிமிடம் தாண்டியது. பத்து. இருபது. என் வாழ்க்கையில் எந்த இசையையும் அவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை. அது நிற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேயிருந்தேன்.

10.22க்கு வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"ஏழு துணி செல்வி. அஞ்சாவதுதான் மட்டம், சாயம் போற ரகம்."

"பயமா இல்லையாங்க?"

"இல்லாம என்ன? ரெண்டு தடவ பந்துல விரல் போச்சு. ஆனா கடைக்குத் துணி பாக்க வந்தவங்க எழுந்திரிக்காம நாம எழுந்திரிப்பமா? அந்த மிஷினு எழுந்திரிக்கட்டும்னு படுத்திருந்தேன்."

நடு வராந்தா என்றுகூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டேன்.

இந்த மாதிரி ஸ்கேனுக்கு யாரையாவது கூட்டிப் போகிறீர்களா? முன்னாலேயே இயந்திரச் சத்தத்தைச் சின்ன அளவில் போட்டுக் காட்டுங்கள், குமிழ் அவர்கள் கையில் இருக்கட்டும், என்னைப் போல மறைத்துக் கூட்டிப் போகாதீர்கள். காதில் அடைக்கப் பஞ்சு அங்கேயே கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். வெறும் இசைக்காக மட்டும் போகிறவர்கள் நஸீமா அடுத்து அறிவிக்கும் வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். பாய் அவர்களே தருவார்கள். தரை சில்லென்று இருக்கும், போர்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டுக்காகத் திங்கட்கிழமை மறுபடி போனோம். காது நரம்பில் சின்னக் கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஒரு மாதம் கழித்து ஆப்பரேஷன் செய்து எடுத்துவிடலாம், உயிருக்குப் பயமில்லை. ஆனால் வலது காது அதோடு கேட்காமல் போகலாம் என்றார் டாக்டர். கோரிமேடு பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேருக்கு நடுவே நான் விசும்பி அழுதேன். அவர் என் கைப்பையைத் திறந்து ஹெட்போனை எடுத்தார்.

"ஏன்டி அழுவுற? ஆப்பரேஷனுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல? பத்தொம்பது வருஷமா நீ கேக்குறத ஒருநாளும் நான் முழுசா கேட்டதில்ல. வலது காதுல போடு. மொதல்லேருந்து போடு."