ஏரிக்கரையில் எடுத்த ஒரே படம்

என் கல்யாணத்துக்கு வர முடியாத அக்கா பம்பாயிலிருந்து கடிதம் போட்டிருந்தாள். "உன் மூஞ்சியப் பார்த்து நாலு வருஷம் ஆச்சுடி. ஒரு போட்டோ அனுப்பு." படித்துவிட்டு அழுதேன். அப்போது என் வீட்டுக்காரரின் தம்பி வைத்துவிட்டுப் போன பெட்டிக் கேமரா ஒன்று எங்களிடம் இருந்தது. பிலிமில் ஒரே ஒரு படம் பாக்கி.

"பின்னால மலை, தண்ணி, சூரியன் முழுகுறது எல்லாம் விழணும்" என்று என் வீட்டுக்காரரிடம் அடம் பிடித்தேன். காஞ்சிபுரத்தில் மலைக்கு எங்கே போவது? செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றையும் தாண்டி சைக்கிள் மிதித்தால் ஒரு ஏரி. அதற்கு மேற்கே நாலைந்து குன்றுகள். எங்களுக்கு அதுதான் இமயமலை.

நான் கட்டியிருந்தது அரக்குப் பட்டு, அவர் நெய்தது. கல்யாணத்துக்குக்கூட எனக்கு நூல் புடவைதான். இதில் ஓரிடத்தில் இழை தப்பிவிட்டதென்று முதலாளி திருப்பிவிட, எனக்கு அடித்தது யோகம். அன்றுதான் முதல்முறை கட்டினேன். சக்கரத்தில் மாட்டிக்கொள்ளாமல் அதைச் சுருட்டிப் பிடித்தே கை மரத்துப் போயிற்று.

போய்ச் சேர்ந்தபோது சூரியன் குன்றின் உச்சியில் இருந்தது. ஏரி முழுக்கத் தங்கம். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்தேன்.

"அங்க வேணாம்மா, இருட்டா இருக்குது. இப்படித் திரும்பு. ஜரிகை மேல வெயில் படட்டும்."

"அப்ப மலை?"

"எல்லாம் வரும். முந்திய நல்லா விரிச்சு விடு. அசையாத."

கேமராவைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நம்பித் தொலைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. மலை இல்லை. தண்ணீர் இல்லை. சூரியனும் இல்லை. அதெல்லாம்கூடப் போகட்டும், கழுத்துக்கு மேலே நானே இல்லை! புடவையின் கரையும் முந்தியும் மட்டும் ஒரு பூ பிசகாமல் விழுந்திருந்தன.

எனக்கு வந்ததே கோபம். "இன்னா மனுஷன் நீங்க? எங்க அக்கா கேட்டது மூஞ்சி! தலையில்லாத படத்த அனுப்பினா, தங்கச்சிக்கு இன்னா ஆச்சோன்னு அழுதுக்கினு ரயிலேறி வந்துடுவா!"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "கோச்சுக்காதம்மா. பதினஞ்சு வருஷமா நெய்யறேன். அறுத்து மடிச்சா கடைக்குப் போயிடுது. நான் நெய்ஞ்சத ஒருத்தர் கட்டிக்கினு எதிர்ல நின்னு பார்த்ததே இல்ல. அன்னிக்கு அந்த வெளிச்சத்துல உன் தலைய மறந்தே போயிட்டேன்."

நாக்கு நுனியில் இன்னும் நாலு வசவு இருந்தது. அதை விட்டுவிட்டு, படத்தை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன். பாவி மனுஷன்!

அந்தப் படத்தையே பம்பாய்க்கு அனுப்பினேன். பின்பக்கம் இப்படி எழுதினேன்: "அக்கா, இது அவர் நெய்த புடவை. உள்ளே இருப்பது நான்தான்."