கார் சேல் முதலாளி சொன்ன சனிக்கிழமை

முதலிலேயே மாப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவு நீளமாக எதையும் எழுதினதில்லை. முதல் பக்கத்தைப் பார்த்த என் மகள், "உம்மா, இதில ஒரு இடத்திலயும் நிப்பாட்டவே இல்லயே, மூச்சு முட்டாதா?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகுதான் புள்ளி வைத்தேன். சில இடத்தில் தவறியும் வைத்திருப்பேன். மறதியும் கூடிப்போயிற்று. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டினவர். வேன் வேறு ஆளுடையது. காலையில் டீச்சர்மாரைப் பள்ளிக்கூடங்களில் இறக்குவார், பகலில் அம்பாறைக்கு ஆள் ஏற்றுவார். இருபது வருசம் மற்ற ஆளுக்கு ஓடினார். "டயர் தேஞ்சா அவருக்கு நட்டம். நான் தேஞ்சா ஆருக்கு கா நட்டம்?" என்று கேட்பார்.  நான் கதைக்கிறது குறைவு. வெளி ஆம்பிளைகள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் அனுப்புவேன்.

சுனாமிக் கடல் வருவதற்கு முந்தின மாதம் அவர் சொந்தமாக வேன் வாங்க வெளிக்கிட்டார். பெரிய ரோட்டில் ஒரு கார் சேல் இருந்தது. பழைய வாகனங்களைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். முதலாளி நம்மட ஊர் இல்லை. மலைநாட்டுப் பக்கத்து முஸ்லிம் ஆள், இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். என் இரண்டு காப்பை விற்று, அவர் சேர்த்திருந்ததையும் போட்டு ஐம்பதினாயிரம் அட்வான்ஸ் கட்டினோம். அதற்கு ஒரு ரசீதுத் துண்டு தந்தார்கள். எங்கள் வீடு கடல் ஓரம், உப்புக் காற்றில் பூட்டுக்கூட நிற்காது. ஆனபடியால் துண்டை ராத்தாவின், என் மூத்த சகோதரியின், இரும்பு அலுமாரியில் கொண்டுபோய் வைத்தேன். ராத்தா வீடு வயல் பக்கம்.

மீதிக் காசுக்கு லீசிங் போடச் சொன்னார்கள். லீசிங் என்றால் வட்டி. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நெஞ்சு சரியில்லை.

"வட்டியில ஓடுற வேன்ல நான் ஏறமாட்டன்" என்றேன்.

"நீ எப்ப கா வேன்ல ஏறின? ஆஸ்பத்திரிக்கும் நடந்துதானே போவாய்."

"பகிடி உடாதீங்க. புள்ளைக்கு அந்தக் காசில சோறு குடுக்க ஏலா."

 நான் விடவில்லை. சோறு போடும்போது, தேத்தண்ணி கொடுக்கும்போது, ஒவ்வொரு நாளும் அதையே சொன்னேன். வெளியில் வாய் திறக்காதவள் வீட்டுக்குள் விடாமல் கதைப்பேன்.

அந்தச் சனிக்கிழமை பகல் போனவர், இரவு இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போதுதான் வந்தார். கையில் ஒரு சட்டி தயிர். வாயை வாழை இலையால் மூடி, நாரால் கட்டியிருந்தது. நம்மட கடைகளில் தாளைப் போட்டுத்தான் கட்டுவார்கள்.

"இது எங்கால?" என்று கேட்டேன்.

"எருமையில இருந்து" என்றார்.

"ஆர்ர எருமை?"

"நாளைக்குச் செல்றன். நீ சந்தோசப்படுவாய்."

மகளும் நாங்களும் சீனி போட்டுத் தின்றோம். அவர் இரண்டு தரம் வாங்கித் தின்றார்.

அடுத்த நாள் கடல் வந்தது. நானும் மகளும் காலையிலேயே ராத்தா வீட்டுக்குப் போயிருந்தோம், மா இடிக்க. அவர் கடல் ஓரம் வேன் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மையத்துக் கிடைத்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. வீடிருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது என்று என் கூடப்பிறந்த காக்கா வந்து சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. இத்தாவில் இருந்தேன்.

புருசன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆம்பிளைகள் கண்ணில் படாமல் இருப்பது எங்கள் முறை. ராத்தாவின் புருசன் வெளிநாட்டில் இருந்தபடியால் அங்கே இருப்பது லேசாக இருந்தது. அலுமாரி இருந்த அறையை எனக்குத் தந்து, வாசலுக்குப் பழைய சாரி ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள்.

ஒரு மாதம் போனபின் துண்டு நினைவு வந்தது. என் காக்கா அதைக் கொண்டு கார் சேலுக்குப் போனார். திரும்பி வந்தவர் முற்றத்திலேயே சத்தம் போட்டார்.

"குடுத்திட்டானாம்! சனிக்கிழமையே உன்ட மனிசன் வந்து காச வாங்கிட்டாராம். துண்டு நம்மட கையில இரிக்க, எப்படிக் குடுப்பான்?"

இரண்டு நாளில் முதலாளியே வந்தார். என்னிடம் நேரே சொல்ல வேண்டுமாம். காக்கா அவரை முன் அறையில் இருத்தினார். திரைக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதால் அவருடைய கால் மட்டும் தெரிந்தது. களிசான் காலை மடித்துவிட்டிருந்தார். செருப்பு இரண்டும் இரண்டு விதம், ஒன்று நீலம், மற்றது மண்ணிறம். நிவாரணத்தில் பொறுக்கினதாக இருக்க வேண்டும். கார் சேலுக்குள்ளும் தண்ணி போய், வாகனங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக் கிடந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"தாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். அவர்கள் ஊரில் ராத்தாவைத் தாத்தா என்றுதான் சொல்வார்கள். அடுத்த அறையில் ராத்தாவின் பிள்ளைகள், "சாச்சியத் தாத்தாவாம்!" என்று சிரித்தார்கள். ராத்தா அதட்டினாள்.

"சனிக்கிழம பகல் லுஹர் தொழுதிட்டு வந்தாரு, தாத்தா. வேன் வேணாம், அட்வான்ஸத் தாங்க எண்டாரு. நான் கோவிக்கல்ல, குடுத்தன். கொப்பியில கையொப்பமும் வெச்சாரு. கொப்பி தண்ணியோட போயிட்டு. துண்டத் தாங்க எண்டு கேட்டன். அது மதினிட அலுமாரியில இரிக்கி, திங்கக்கிழம கொண்டாறன் எண்டாரு."

அலுமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில்தான் சாய்ந்துகொண்டிருந்தேன். துண்டு அங்கே இருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தரம் நெஞ்சில் வந்தது. காக்கா வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று நானே அதை அமத்தினேன். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பிந்தி வந்ததும் நினைவு வந்தது. தயிர்ச் சட்டியும் நினைவு வந்தது. அதைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை.

"மையத்து எழும்பி வந்து சாட்சி செல்லாது எண்ட தைரியமா?" என்று காக்கா கேட்டார்.

முதலாளியின் கால் திரைப் பக்கம் திரும்பியது. என்னிடம்தான் கதைத்தார். "தாத்தா செல்லட்டும். அவரு வாங்கல்ல எண்டு தாத்தா செல்லிட்டா நான் தாறன். சத்தியம் ஒண்டும் வேணாம். இத்தாவில இரிக்கிற பொம்புளட கண்ணீர் எனக்கு வேணாம்."

 எனக்கு மகள்தான் கண்ணில் நின்றாள். எங்கள் பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். அவளுக்கு என்று வைத்திருந்த வீடு தரையாகிப் போயிற்று. அந்த ஐம்பதினாயிரத்தை விட்டால் எங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

"மவுத்தான மனிசனக் கள்ளனாக்காதீங்க" என்றேன். "அவர் வாங்கியிருந்தா எனக்குச் செல்லியிருப்பார். அவர் வாங்கல்ல."

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. வெளி ஆம்பிளையோடு நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

முதலாளி எழும்பினார். "சரி தாத்தா" என்றார். நீலச் செருப்பு முதலில் திரும்பியது, பிறகு மற்றது.

"இப்பதான் கா உனக்கு வாய் தொறந்திரிக்கி" என்று ராத்தா என் தலையைத் தடவினாள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்ல ஏலாது.

காசை இரண்டு தரமாகக் கொடுத்தார். வயல் பக்கம் கொஞ்ச நிலத்தில் மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டோம். முதலாளிக்கு நடந்தது வேறு. காக்கா சந்தியில், பள்ளிவாசல் முற்றத்தில், எல்லா இடத்திலும் சொன்னார். கைம்பெண்ட காசைத் தின்னப் பார்த்த ஆள் என்று ஊர் முழுக்கக் கதை. ராத்தா வீட்டுக்கு வந்த பொம்பிளைகளும் என்னிடம் கேட்டார்கள், "மெய்யா கா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் ஓம் என்றுதானே எடுப்பார்கள். மிச்ச வாகனங்களை வாங்க ஒருவரும் போகவில்லையாம். இத்தா முடிந்து நான் வெளியே வந்தபோது அந்த இடம் பூட்டிக் கிடந்தது.

மறுகா, நாலஞ்சு வருசம் கழித்து, நாட்டுச் சண்டை முடிந்த வருசம். தடை முகாம்கள் குறைந்து ரோட்டில் பயமில்லாமல் போய்வரத் தொடங்கினபோது, ஒரு நாள் காலை வெள்ளைச் சாரம் கட்டின தமிழ் ஆள் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு மகளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு. ஊர் தம்பிலுவில் என்றார். வேன் ஓட்டினவரின் வீடு இதுவா என்று கேட்டார். மகள் கதிரை போட்டாள்.

"தங்கச்சி, உங்கட மனிசன் என்னட்ட ஒரு வேனுக்கு அட்வான்ஸ் தந்தவர். அந்த வேன் கடலோட போயிட்டுது. அவரும் இல்லை எண்டு பிறகுதான் அறிஞ்சன். அந்த நேரம் இந்தப் பக்கம் வரவும் பயம், கையில காசும் இல்லை. இந்தப் போகம் நெல்லு சரியா விளைஞ்சுது. இந்தாங்க, ஐம்பதினாயிரம்."

"எப்ப தந்தவர்?" என்று கேட்டேன். நானே கேட்டேன், கதவுக்குப் பின்னால் போகவில்லை.

"கடல் வர முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம். கார் சேலில போட்டத திருப்பி வாங்கிட்டன் அண்ணை, மிச்சத்தை மாதம் மாதம் தாறன், வட்டி மட்டும் வேண்டாம், வட்டியெண்டா மனிசி வேனில ஏறமாட்டா எண்டு சொல்லிச் சிரிச்சவர்." அவரும் சிரித்தார். "என்ட மனிசிதான் ஒரு சட்டி தயிர் இலை போட்டுக் கட்டிக் குடுத்து விட்டவ. உங்களுக்கு வந்து சேந்ததா தங்கச்சி?"

"சேந்தது" என்றேன்.  மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நான் அந்தக் காசைத் தொடவில்லை.

அன்று பின்னேரமே காக்காவைக் கூட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனேன். கார் சேல் இருந்த இடத்தில் மாபிள் விற்கிற கடை. கடைக்காரர், "அந்த முதலாளியா? மவுத்தாகி ரெண்டு வருசம் இரிக்கும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். மாவனல்லை என்றார். பக்கத்தில் நின்ற ஆள் இல்லை, கம்பளை என்றார். பிள்ளைகள் இருந்தார்களா என்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை.  திரும்பி வந்து வாசல் படலையில் வைத்துத்தான் காக்கா, "நானும் செல்லித் திரிஞ்சன்தானே, புள்ள" என்றார். காக்காவும் இப்போது இல்லை.

இரண்டு ஊருக்கும் ஆள் விட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை. மார்க்கம் படித்த ஹஸ்ரத் ஒருவரிடம் மகளை விட்டுக் கேட்டேன். இனித் தேட வழியில்லாவிட்டால் முதலாளியின் பேரில் ஏழைகளுக்குக் கொடுங்கள், பிள்ளைகள் எப்போதாவது வந்தால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டி வரும் என்றார். கொடுத்தேன். அவர்களுக்கென்று வேறாகவும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கிறேன். காசுக்கு இப்படி ஒரு வழி இருந்தது. நான் அவரைப் பொய்யனாக்கினதற்கு வழியில்லை. மனிசருக்குச் செய்ததை அந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்வும் அதில் நடுவில் வரமாட்டான் என்று சின்ன வயதில் ஓதினது. அவருடைய முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தால் இரண்டு விதச் செருப்புத்தான் கண்ணில் வருகிறது.

என் வீட்டுக்காரர் வட்டியில்லாத வேனுக்கு மாறினதை என்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்கு என்று வைத்தார், நான் சந்தோசப்பட வேண்டும் என்று. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என்னிடம் ஒருவரும் ஒளிக்காத மூன்று விசயம் இருந்தது, பிந்தி வந்தது, தயிர், அலுமாரி. மூன்றையும் நான்தான் ஒளித்தேன்.

ஆனபடியால் ஊரில் விசயம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரி பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலுக்கு முன் பெரிய ரோட்டில் கார் சேல் வைத்திருந்த மலைநாட்டு முதலாளி மாவனல்லையா, கம்பளையா, வேறு ஊரா? அங்கே வேலை செய்த யாராவது இருந்தால், அந்தச் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கொப்பியில் கையொப்பம் வைத்ததைக் கண்டீர்களா? நேரத்தையோ செருப்பின் நிறத்தையோ நான் பிழையாக எழுதியிருந்தால் திருத்துங்கள். அவருடைய பிள்ளைகளைக் கண்டால் காசு இங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கு முதல், உங்கட வாப்பா சொன்னது மெய் என்று சொல்லுங்கள்.